படிக்குக் கீழே ஒரு படி

அக்கா, அத்தான் போனை எடுக்கவே இல்லை. காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறது, அடித்து அடித்து ஓய்கிறது. சிமென்ட் கையோடு அவர் போனைத் தொடமாட்டார், உனக்கே தெரியும். ஆனால் டீ குடிக்கவாவது கையைக் கழுவுவார் அல்லவா? இன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போடப் போகிறார். போட்டால் சாவி கையில். சாவி வந்துவிட்டால் நீயும் பிள்ளைகளும் அடுத்த மாதம் விமானம் ஏறிவிடுவீர்கள். அதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வீடு வேண்டாம் அக்கா. நீ அவரைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், என் பேச்சு எடுபடவில்லை.

உன்னையும் கூப்பிட்டேன். நீ வகுப்பில் இருப்பாய். டீச்சரம்மா போன் டிராயருக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் நான் பேசப் பேசப் போனே எழுதிக்கொள்கிற மாதிரி வைத்து அனுப்புகிறேன். விரலால் தட்ட வழியில்லை, இரண்டு கையும் சேறு. மத்தியானம் மணி அடித்ததும் முதலில் இதை எடுத்துப் பார். நீளமாகத்தான் போகும். இவனுக்கு வாய் ஓயாதே என்று பாதியில் மூடிவிடாதே.

நீ கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. "ஆறு பேர் ஒரு பாத்ரூமுக்கு வரிசையில நிக்கிற இடத்துக்கு என் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரமாட்டேன். தனியா ஒரு வீடு, பின்னாடி ரெண்டு அடி மண்ணு. அது இருந்தா வரேன்" என்றாய். அத்தான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். எங்கள் அறையில் அவர் கட்டிலுக்கு மேலே சுவரில் அந்த வீட்டின் படம் ஒட்டியிருக்கிறது. பின்பக்க மண்ணில், சின்னவனுக்கு ஊஞ்சல் கட்ட என்று நீ சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாயே, அதே படம். அறைக்கு யார் வந்தாலும் அந்த வட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் உட்காரச் சொல்வார். கரன்ட் மீட்டர் பார்க்க வந்த ஆளுக்குக்கூடக் காட்டினார். பாவம், அந்த ஆள் "நல்ல வட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வட்டத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. கேட்பவர்களிடம் அம்மா "காத்து ஆபீஸ்ல இருக்கான்" என்கிறாள். அத்தானுக்கு நான் மூடி இன்ஜினியர். அவர் சொல்வதிலும் தப்பில்லை. நகரத்தின் ஓரத்தில் ஒரு பெரிய சதுப்பு நிலம் இருக்கிறது. பாதி இன்னும் சதுப்பாகவே கிடக்கிறது. மறுபாதியில் தண்ணீரை வடித்து ஒரு காலனி கட்டிவிட்டார்கள். நடுவில் வாய்க்கால். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்ணில் பிளாஸ்டிக் வளையங்கள் பதித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வளையத்தின் மேலும் குக்கரை மூடுகிற மாதிரி ஒரு மூடியை வைத்து இறுக்குவேன். மூடியிலிருந்து ஒரு குழாய் பெட்டிக்குப் போகும். மண்ணிலிருந்து கரியமில வாயு வர வர, பெட்டியின் திரையில் எண் ஏறும். எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் கணக்கு. அளந்து முடியும்வரை ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பலகையை விட்டுக் கீழே கால் வைக்கக் கூடாது, மிதித்தால் மண்ணுக்குள் இருக்கும் காற்று பிதுங்கி வந்துவிடும். மூடியின் பக்கம் மூச்சு விடக் கூடாது, என் மூச்சிலும் அதே வாயுதான்.

உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத எனக்கு இதுதான் வாய்த்தது. எங்கள் குழுவுக்குத் தலைவி ஒரு மண் விஞ்ஞானி, எல்லோருக்கும் அவர் மேடம். "தம்பி, நீ அளக்க வந்தியா, டான்ஸ் ஆட வந்தியா? எண்ணும் உன்னோட சேர்ந்து குதிக்குது பாரு" என்பார்.

ஊர் பெருத்தால் காற்று கெடும் என்றால் எனக்கும் உனக்கும் புகைபோக்கியும் காரும்தான் கண்ணுக்கு வரும். மேடம் அவற்றையும் விடுவதில்லை. வீடுகளுக்குப் போன சிமென்ட், பஸ் போகாத காலனியில் வீட்டுக்கு இரண்டு கார், எல்லாம் அவர் கணக்கில் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், சதுப்பாக இருந்த இடத்தை மனையாக மாற்றினார்களே, அந்த மண்ணே விடுகிற வாயுதான் என் மூடிக்குள் வருவது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதைத்தான் செய்கிறேன். எண்ணை அனுப்புவேன், காலைக் கழுவுவேன், அறைக்குப் போவேன். அந்த எண் ஒரு நாள் நம் குடும்பத்துக்கு நடுவில் வந்து உட்காரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அத்தானுக்கு வேலை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காலனியில். முதலில் டைல்ஸ் ஒட்டத்தான் போனார். ஒரு பல் டாக்டர் வீட்டில் குளியலறைக்கு ஒட்டிக்கொண்டிருந்தபோது, டாக்டர் வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினாராம். "மேஸ்திரி, கடைசிப் படி ரொம்ப உயரமாயிடுச்சு. கால் வச்சா முட்டி கழண்டுடும் போல இருக்கு. கீழ இன்னொண்ணு போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தார். சாதாரணமாகவா? வீட்டுத் தளத்தோடு கம்பி கட்டி, மேலே வழுக்காத கல், ஓரத்துக்கு நீல டைல்ஸ். அந்தப் படியின் படம் உனக்கு வந்தது, எனக்கு வந்தது, அவருடைய பெரியப்பா மகனுக்குக்கூடப் போயிற்று. "உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் அசையாது டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்து பக்கத்து வீடு கூப்பிட்டது. பிறகு எதிர் வீடு. பிறகு தெருவே கூப்பிட்டது. டைல்ஸை விட்டுவிட்டு அத்தான் படி மேஸ்திரி ஆகிவிட்டார்.

"மச்சான், இந்தக் காலனியில எனக்கு வேலைக்குப் பஞ்சமே வராதுடா" என்பார் அறைக்கு வந்து, பக்கெட்டில் காலை விட்டுக்கொண்டு. "கட்டினவனுங்க எல்லாம் அளவு தெரியாத பசங்க. ஒருத்தனாவது கடைசிப் படியை ஒழுங்காப் போட்டிருக்கணுமே!"

நாங்கள் சிரித்தோம். ஒரு காலனி முழுவதும் ஒரே தப்பை எப்படிச் செய்வார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே மண்ணில் தினமும் மூடி வைத்துவிட்டு வரும் எனக்கும் தோன்றவில்லை. அங்கேயே கடைசி வரிசையில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, நம் கைக்கு எட்டும் என்று அவர் சொன்னபோது அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினவன் நான். உனக்குப் போன் போட்டு, "அக்கா, பெட்டியைக் கட்டு" என்று கத்தினவனும் நான்தான்.

போன வாரம் மழை விட்ட காலையில் காலனிப் பக்கம் வேலை. கடைசி வளையத்துக்கு அருகில் ஓர் இரும்புக் கம்பி நட்டிருக்கும், தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்து. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கெண்டைக்காலில் உரசும். அன்றைக்கு முழங்கால் சில்லில் நச்சென்று இடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

"மேடம், கம்பி மேல வந்துடுச்சு. சுத்தியலைக் குடுங்க, தட்டி இறக்கிடறேன்."

மேடம் பலகையில் ஓடி வந்த வேகத்தில் விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். "கையை வச்சே, கொன்னுடுவேன்! அது அடியில கெட்டிக் களிமண்ணுல நிக்குது. அது எங்கேயும் வரல."

"அப்ப?"

"மண்ணுதான் கீழ போயிருக்கு."

"மண்ணு எங்க மேடம் போகும்?"

என் கையிலிருந்த மூடியை விரலால் தட்டினார். "தினமும் நீதானே அளக்கறே? இது வழியாத்தான்."

நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றேன். அவர் கொஞ்சம் மண்ணைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, பஞ்சு மாதிரி. உற்றுப் பார்த்தால் நூல் நூலாக வேர். இது மண்ணே இல்லை என்றார். ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீரில் விழுந்த புல்லும் இலையும், மட்க முடியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக அமுங்கிக் கிடப்பது. தண்ணீர் இருக்கும்வரை உள்ளே காற்று போகாது, அதனால் மட்காது. வடித்துவிட்டால் காற்று நுழைகிறது. மட்க ஆரம்பிக்கிறது. மட்கியது வாயுவாகி மேலே போய்விடுகிறது. நனைந்த சதுப்பும் சும்மா இருப்பதில்லையாம், வேறொரு வாயுவைக் கொஞ்சம் விடும், அதற்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஆனால் சதுப்புப் பக்கத்துத் தரை இருந்த இடத்தில் இருக்கிறது. காலனிப் பக்கத்துத் தரை காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது.

"வீடெல்லாம் நிக்குதே மேடம்?"

"வீட்டுக்கும் அடியில தூண் அடிச்சிருக்காங்கல்ல? இந்தக் கம்பி மாதிரிதான். வீடு நிக்கும். சுத்தி இருக்கிறது இறங்கும்."

அப்போதுதான் அத்தான் போட்ட படிகள் எனக்கு உறைத்தன. இத்தனை நாளும் நான் எண்ணில் எழுதியதை அத்தான் சிமென்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒன்றைத்தான் அளந்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை, மேடத்திடம் கேட்டு ஒரு வளையத்தையும் மூடியையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அத்தானோடு அந்த வீட்டுக்குப் போனேன். பஸ் பாதி வழியில் நின்றுவிடும், அதற்கு மேல் நடைதான். காலனி ரோடு அலை அலையாக இருக்கும். கார்கள் படகு மாதிரி தலையாட்டிக்கொண்டு போகும். அத்தான் குஷியாக இருந்தார்.

"ஒரு பழைய வண்டி பாத்து வச்சிருக்கேன் மச்சான். இங்க வண்டி இல்லாம உப்பு வாங்கக்கூட முடியாது. உங்க அக்காவுக்கும் ஓட்டக் கத்துக் குடுத்துடுவோம். கிளாஸ் எடுக்கிற வாய், ரோட்டுல ஹாரனே தேவைப்படாது."

திட்டாதே, அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டிருந்தார்கள். நீ வட்டம் போட்ட இடம் எதுவென்று அத்தானுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நேராகப் போய் அதன்மேல் நின்றார். அவரை நகரச் சொல்லி வளையத்தைப் பதித்தேன். மண் அடங்கட்டும் என்று தெருமுனை வரை ஒரு நடை போய்வந்து, மூடியைப் பூட்டினேன்.

"மூச்சு விடாதீங்க அத்தான்."

"ஏன், உள்ள யாருக்காவது பிரசவம் நடக்குதா?"

எண் ஏற ஆரம்பித்தது. அவர் எட்டிப் பார்த்தார்.

"நான் மூச்சு விட்டிருப்பேன்" என்று வேலி ஓரம் போய் நின்றார். எண் ஏறியது. "அப்ப உன் மூச்சா இருக்கும். நீயும் இங்க வா." நானும் போனேன். கன்னத்தை உப்பிக்கொண்டு, இரண்டு தடி ஆண்கள் வேலியோடு வேலியாக நின்றோம். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். திரும்பிப் போய்ப் பார்த்தால் எண் எங்கேயோ உயரத்துக்குப் போயிருந்தது. அந்தப் பக்கத்து ஈரச் சதுப்பில் இவ்வளவு நேரத்துக்கு அது சோம்பல் முறித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

கம்பியைச் சொன்னேன், தூணைச் சொன்னேன், படிகளைச் சொன்னேன். அத்தான் கேட்டுக்கொண்டே காலால் மண்ணைக் கிளறினார்.

"மண்ணு மூச்சு விடுது. அவ்வளவுதானே? விட்டுட்டுப் போகட்டும். நாம விடலையா?"

"நாம சாப்பிட்டுட்டு விடறோம் அத்தான். அது தன்னையே சாப்பிட்டுட்டு விடுது."

"சரி, இறங்கட்டும். படிதானே வேணும்? ஊருக்கே போடறவன் என் வீட்டுக்குப் போட்டுக்க மாட்டேனா? சின்னவன் கால் எட்டற மாதிரி குட்டிக் குட்டியாப் போடறேன்."

"எவ்வளவு காலத்துக்குப் போடுவீங்க? பின்னாடி சாக்கடைக் குழாயைப் பாருங்க, இப்பவே முதுகு வளைஞ்சிருக்கு. வாய்க்கால் தண்ணி இந்தத் தெருவை விட உயரத்துல நிக்குது. வாய்க்கால் கரையில இருக்கிற அந்த மோட்டார் ராத்திரி பகலாத் தண்ணியை இறைக்கிறதாலதான் இங்க காயுது. இறைக்க இறைக்க இன்னும் இறங்கும். ஒரு பெரு மழையில மோட்டார் நின்னுச்சுன்னா?"

"நிக்காது."

"நின்னா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டது. "ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. உங்க அக்கா வரக்கூடாதுங்கறியா?"

நான் குனிந்து பெட்டியை நிறுத்தினேன்.

"சின்னவன்கிட்ட அப்பா எங்கேன்னு கேட்டா என்ன பண்றான் தெரியுமா? போன் சார்ஜரைக் காட்டறான். அப்பா சார்ஜர் பக்கத்துல இருக்காராம். இந்த வீடு இல்லேன்னா உங்க அக்கா வரமாட்டா. சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா அவளை? மண்ணு இறங்குதாம், மண்ணு! அது இறங்கி முடியறதுக்குள்ள என் பிள்ளை வளந்து முடிச்சிடுவான்டா."

மூடியைக் கழற்றினேன். வரும் வழியெல்லாம் அவர் முன்னால் நடந்தார், நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். அதிலும் அவர் பக்கத்தில்தான் ஜன்னல் இருந்தது.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அறையில் கட்டிலுக்கும் கதவுக்கும் நடக்கிறேன். "உக்காருடா, நீ நடக்கிற நடையில கீழ் வீட்டுக்காரன் மேல வந்துடுவான்" என்று அறைக்காரர்கள் விரட்டினார்கள். தெருவில் இறங்கி நடந்தேன். பஸ் நிறுத்தம், ரொட்டிக் கடை, சலவைக்கடை, அதற்கு மேலே எப்போதும் பூட்டிக் கிடக்கிற இரண்டு ஜன்னல், மறுபடி பஸ் நிறுத்தம். உன்னிடம் சொல்லலாம் என்று போனை எடுப்பேன், வைப்பேன். சொன்னால் நீ வரமாட்டாய். சொல்லாவிட்டால் வந்து அந்த மண்மேல் குடியிருப்பாய். இரண்டில் எது பெரிய பாவம் என்று எந்தப் பெட்டியில் வைத்து அளப்பது? ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கையெழுத்து நாளே வந்துவிட்டது.

இன்று சதுப்புப் பக்கம் வேலை. வாய்க்காலுக்கு அப்பால் மோட்டார் ரூம் உறுமிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் இத்தனை நாள் காதில் விழுந்ததே இல்லை, இன்று மண்டைக்குள் ஓடுகிறது.

"மேடம், இந்தப் பாதியையும் வடிச்சிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"அதை முடிவு பண்ணத்தான் நம்ம எண்ணைக் கேட்டிருக்காங்க."

"எண்ணைப் பாத்தா நிறுத்திடுவாங்களா?"

"அப்ப ஜனங்க எங்க போய்க் குடியிருப்பாங்கன்னு திருப்பிக் கேப்பாங்க. நியாயமான கேள்விதானே? அதுக்கும் சேர்த்துப் பதில் சொல்லணும். ஊருக்குள்ளேயே காலியாக் கிடக்கிற வீடு எவ்வளவுன்னு ஒருத்தரும் மூடி போட்டு அளக்கல." பிறகு திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு இன்னிக்கு என்ன வந்துச்சு? மூடியே நடுங்குது."

கொட்டிவிட்டேன், எல்லாவற்றையும். படத்தை, வட்டத்தை, சார்ஜரை. மேடம் எண்ணைக் குறித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் "உங்க அக்காவைக் கேட்டியா?" என்றார்.

"இல்ல."

"அங்க குடியிருக்கப் போறது நீயா, அவங்களா? போ, கரைக்குப் போய்ப் பேசு. மூடிப் பக்கம் வேண்டாம். நீ பேசற பேச்சுக்கு என் எண்ணு வானத்துக்குப் போயிடும்."

அப்படித்தான் இந்தக் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் அக்கா. அத்தான் என் போனைத்தான் எடுக்கமாட்டேன் என்கிறார், உன் போனை எடுப்பார். நீ வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடமாட்டார். ஆனால் வேண்டாம் என்று சொல்லும்போது, வரமாட்டேன் என்று சொல்லிவிடாதே. இரண்டும் ஒன்றில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டுவிடும். அதுதான்

இரு அக்கா. வாய்க்கால் பாலத்தில் யாரோ வருகிறார்கள். நடையைப் பார்த்தால்

கொஞ்சம் நிறுத்திவிட்டேன். அத்தான்தான். பாலத்திலிருந்து பலகைக்கு வராமல் நேராகச் சேற்றில் இறங்கி, கையில் சாந்துக் கரண்டியோடு நடந்து வந்தார். மேடம் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

"யாருய்யா அது? மிதிக்காதே! பலகை மேல வா! ஐயோ, காலையிலேர்ந்து எடுத்ததெல்லாம் போச்சு!"

அத்தான் காதில் வாங்கவே இல்லை. முழங்கால் வரை கறுப்புச் சேற்றோடு என் முன்னால் வந்து நின்றார். முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

"கையெழுத்து போட்டுட்டீங்களா?"

"பல் டாக்டர் வீட்டுக்குப் போனேன். படி போடணும்னு கூப்பிட்டாரு."

"அங்கதான் ஏற்கெனவே போட்டீங்களே?"

"அதுக்குக் கீழ."

அவர் கரண்டியைச் சேற்றில் குத்திவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்.

"என் படி அந்தரத்துல தொங்குதுடா மச்சான். வீட்டோட கம்பி கட்டினேன்ல? அதனால விழாம அப்படியே நிக்குது. அடியில கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போச்சு. உள்ள பூனை குட்டி போட்டிருக்கு. ஒண்ணு விரலைக் கடிச்சிடுச்சு." விரலைக் காட்டினார். "நான்தான் அளவு தப்பாப் போட்டுட்டேனோன்னு மட்டம் வச்சுப் பாத்தேன். நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. நீல டைல்ஸ்ல ஒரு கீறல் இல்ல. படி சரியா இருக்கு. பூமிதான் இல்ல."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"சிரிக்கிறாரு. 'மேஸ்திரி, பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும்னீங்க, என் பையனுக்கு இன்னும் பொண்ணே பாக்கல'ங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். தூரத்திலிருந்து மேடம் இரண்டு பைத்தியங்களைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டே இருக்கேன். இன்னும் அனுப்பல."

"என்னென்ன சொன்னே?"

"எல்லாம்."

"சார்ஜர் கதையுமா?"

"ம்."

"அதை அழிச்சிடு."

"மாட்டேன்."

வாய்க்கால் ஓரம் போய் இரண்டு கையையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணில் இருந்த சிமென்டைக்கூடக் குச்சியால் நோண்டினார். சட்டையில் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார். "குடு."

இனி வருவது அத்தான் பேசியது. நான் ஒரு வார்த்தையும் தொடவில்லை.

நான்தான் பேசறேன். இது தானா எழுதுமாடா? எழுதுதே! சரி. இங்க பாரு, கையெழுத்துப் போடல. உன் தம்பி போனை எடுக்கலேன்னு கோவமா இருக்கான். எடுத்தா என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் எடுக்கல. டாக்டர் வீட்டுலேர்ந்து நேரா நம்ம தெருவுக்குப் போனேன். எங்க ரூமுக்குப் பக்கத்துல சலவைக்கடை இருக்குல்ல, அதுக்கு மேல ரெண்டு ரூம் ரொம்ப நாளாப் பூட்டியே கிடக்கு. மாடிப்படி கோணல், அதான் யாரும் வரல. கடைசியா இருந்தவன் கட்டிலோட உருண்டானாம். கடைக்காரரைப் பாத்து, படியை நான் கட்டித் தரேன், மேல எங்களுக்கு விடுங்கன்னேன். என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சரின்னுட்டாரு. அங்கேர்ந்துதான் இங்க வரேன். ரெண்டு ரூமு, ஒரு பாத்ரூம். அது நமக்கு மட்டும்தான், வரிசை கிடையாது. பஸ் வாசல்லயே நிக்குது, பெரியவ ஸ்கூலுக்கு நடந்தே போயிடலாம். கீழ மிஷின் ஓடிட்டே இருக்கும், எந்நேரமும் சோப்பு வாசனை வரும், அதை முன்னாடியே சொல்லிடறேன், வந்ததும் சண்டை போடக்கூடாது. பின்னாடி மண்ணு இல்ல. ரெண்டு அடி கேட்டே, என்னால முடியல. ஊஞ்சலுக்கு உத்தரம் ஒண்ணு இருக்கு, தொங்கிப் பாத்தேன், என்னைத் தாங்குது, சின்னவனைத் தாங்காதா? தனி வீடு இருந்தா வரேன்னு சொன்னே. இது தனி வீடு இல்ல. அதனால வரலேன்னு நீ சொன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். இல்ல, சொல்லுவேன். சத்தம் போடுவேன். மணி அடிச்சதும் கூப்பிடு, கை சுத்தமா வச்சிட்டு உக்காந்திருக்கேன், உடனே எடுத்துடறேன். அப்புறம், வரேன்னாலும் வரலேன்னாலும், சின்னவனை நிக்க வச்சு அவன் முட்டி எவ்வளவு உயரத்துல இருக்குன்னு அளந்து அனுப்பு. படியை நாளைக்கே ஆரம்பிக்கணும்.